தண்ணீர் போன வழி: கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டி

இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் மொத்தமே 600 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை 395 ஊருக்குள் நுழைந்து, நாம் ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிடும். ஆனால் சாலையோரம் தூண்கள் வைத்துக் கட்டிய பெரிய நீதிமன்றம் ஒன்று நிற்கிறது. ஏனென்றால் இதுதான் இன்யோ கவுண்டியின் தலைநகரம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. 1866-இல் உருவான இந்தக் கவுண்டி பரப்பளவில் கலிபோர்னியாவிலேயே இரண்டாவது. 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 19,016 பேர். தென்கிழக்கு மூலையில் உள்ள டெகோப்பாவில் இருப்பவர் நீதிமன்றத்துக்கு வரவேண்டுமென்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். அவருக்கு நெவாடா மாநிலத்து பாரம்ப் ஊர்தான் பக்கம். மளிகைக்கும் அங்கேதான் போவார்.

இத்தனை பெரிய இடத்தில் தனியார் கையில் இருக்கும் நிலம் 100-க்கு 2 பங்குகூடக் கிடையாது. பெரும்பகுதி மத்திய அரசின் தேசியப் பூங்கா, காடு, பாலைவனப் புறம்போக்கு. அடுத்த பெரிய நிலக்கிழார் யார் என்று பார்த்தால், 200 மைலுக்கும் தெற்கே இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சியின் குடிநீர்–மின்சாரத் துறை. கவுண்டிக்குள் அதற்குச் சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். இன்யோவில் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், ஊர் ஏன் வளரவில்லை, ஏரி ஏன் தூசியாகப் பறக்கிறது, பழங்குடியினர் குடியிருப்பு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று எதைக் கேட்டாலும், பேச்சு அந்தத் துறையிடம்தான் போய் முட்டும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. மேற்கே சியரா நெவாடா, கிழக்கே ஒயிட் மலையும் இன்யோ மலையும். நடுவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. மேற்கு எல்லையில் விட்னி சிகரம், 14,505 அடி. கிழக்கே மரணப் பள்ளத்தாக்கின் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. அலாஸ்காவை விட்டுவிட்டால் நாட்டின் மிக உயர்ந்த இடமும் வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமும் ஒரே கவுண்டியில், நேர்கோட்டில் சுமார் 85 மைல் இடைவெளியில் இருக்கின்றன. பசிபிக் பக்கமிருந்து வரும் மேகம் சியராவின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் பள்ளத்தாக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ 5 அங்குல மழைதான். ஆனால் சிகரங்களில் விழுந்த பனி உருகி, கிழக்குச் சரிவில் வரிசையாக ஓடைகளாக இறங்கும். மழை இல்லாத ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லை என்ற இந்த முரண்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர்.

அந்த ஓடைகளை முதலில் பாசனத்துக்குத் திருப்பியவர்கள் பையூட் பழங்குடி மக்கள். தங்களை நூமு என்பார்கள். பள்ளத்தாக்கை பாயஹுனாடு என்பார்கள், தண்ணீர் ஓடும் நிலம் என்று பொருள். அவர்கள் செய்த பாசனம் விதைத்து அறுக்கும் விவசாயத்துக்கானது இல்லை. தானாக விளையும் கோரைக்கிழங்கு வகை ஒன்றையும், உண்ணக்கூடிய கிழங்கு தரும் காட்டுப் பூச்செடிகளையும் தண்ணீர் காட்டிப் பெருக்கினார்கள். பிஷப் ஓடையில் நடந்த முறை விவரமாகப் பதிவாகியிருக்கிறது. வசந்தத்தில் ஊர் கூடி நீர் பாய்ச்சும் பொறுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு நீர்கட்டி என்றால் சட்டென்று புரியும். கிட்டத்தட்ட அதே வேலை. பாறாங்கல், விறகுக் குச்சி, தழை, சேறு கொண்டு ஓடையில் ஆட்கள் கூடி ஒரு அணை கட்டுவார்கள். அதன்பின் தண்ணீரைப் பெருவாய்க்காலில் இருந்து சிறு வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடுவது அந்த ஒருவர் வேலை. கையில் நீளமான கழி ஒன்று இருக்கும். வாய்க்காலுக்கு வடக்கே ஒரு பகுதி, தெற்கே ஒரு பகுதி. ஒரு வருடம் இதற்கு, மறு வருடம் அதற்கு. பாய்ச்சாத பகுதி விதை உதிர்த்துத் தேறிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் அணையை உடைப்பார்கள். வற்றும் வாய்க்காலில் துள்ளும் மீனைக் கூடையில் அள்ளிக்கொள்வார்கள்.

1861-இல் மாட்டுக்காரர்கள் வந்தார்கள். வடக்கே இருந்த சுரங்க ஊர்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. அவர்கள் மாடுகள் மேய்ந்தது காட்டுப் புல்லை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். மேய்ந்தது பையூட்களின் பாசன நிலத்தை. அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது, பசி வந்தது, பையூட்கள் மாடுகளைக் கொன்றார்கள், துப்பாக்கி வந்தது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் அமைத்தது. சுதந்திர தினம் என்பதால் முகாமுக்கு இன்டிபென்டன்ஸ் என்று பெயர். ஊர் பெயரின் கதை இதுதான். பெயரின் முரணைத் தனியாக விளக்கத் தேவையில்லை, ஏனென்றால் மறு வருடமே, 1863 ஜூலையில், இங்கிருந்துதான் ஏறத்தாழ 1,000 பையூட் மக்களைத் தெற்கே ஃபோர்ட் டெஹோன் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். பலர் பின்னர் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தபோது வாய்க்கால்கள் வேறு ஆட்கள் கையில் இருந்தன. தங்கள் நிலத்திலேயே கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

சுரங்கக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கிழக்கு மலையில் செரோ கோர்டோ வெள்ளி–ஈயச் சுரங்கம் 1860-களில் தொடங்கியது. அதன் உலோகப் பாளங்களைக் கொண்டுபோக, பாதையில் நாள்கணக்கான சுற்றை மிச்சப்படுத்துவதற்காக, 1872-இல் ஓவன்ஸ் ஏரியில் பெஸ்ஸி பிராடி என்ற நீராவிக் கப்பலே ஓடியது. அதே வருடம் மார்ச் 26 அதிகாலை பெரும் நிலநடுக்கம். லோன் பைனில் 59 வீடுகளில் 52 விழுந்தன, 27 பேர் இறந்தார்கள். பச்சைச் செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டிய சுவர்கள்தான் ஆட்களைக் கொன்றன. நிலம் அன்று பிளந்து இறங்கிய மேடு ஊருக்கு மேற்கே இன்றும் தெளிவாகத் தெரியும்.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. லோன் பைனுக்குப் பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பாறைகள் நிற்கும் அலபாமா குன்றுகளுக்கும் அலபாமா மாநிலத்துக்கும் நேரடி உறவு இல்லை. உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் கப்பல் அலபாமா. இங்கிருந்த தெற்கு ஆதரவாளர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். 1864 ஜூனில் கியர்சார்ஜ் என்ற வடக்குப் படைக் கப்பல் அதை பிரான்ஸ் கடலோரத்தில் மூழ்கடித்தது. உடனே வடக்கு ஆதரவாளர்கள் எதிரே இருந்த சுரங்கத்துக்குக் கியர்சார்ஜ் என்று பெயரிட்டார்கள். சிகரம், கணவாய் என்று அந்தப் பெயர் பரவியது. கடலே பார்க்காத ஊரில் இரண்டு கப்பல்களும் இன்னும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

இனி வாய்க்கால். 1902-இல் மத்திய அரசு பாசனத் திட்டங்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கும் ஒரு திட்டம் வரும் என்று விவசாயிகள் நம்பினார்கள். அந்தத் திட்டங்களை நடத்திய மத்தியத் துறையின் கலிபோர்னியா மேற்பார்வையாளர் ஜோசப் லிப்பின்காட் அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திடமும் ஆலோசகராகச் சம்பளம் வாங்கினார். நகரத்தின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1905-இல் பள்ளத்தாக்குக்கு வந்து ஆற்றங்கரை நிலங்களை வாங்கினார். அரசுத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று விற்றவர்கள் பலர் எண்ணிக்கொண்டார்கள். ஓவன்ஸ் ஆற்றை வாய்க்கால் வெட்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோகத்தான் இந்த நிலம் என்று ஜூலை இறுதியில் செய்தித்தாளில் வந்தபோது கதை முடிந்திருந்தது. சட்டப்படி எல்லாம் சரி என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. விற்றவர் கையெழுத்து போட்டார், பணம் வாங்கினார், உண்மைதான். ஆனால் எதற்கு விற்கிறோம் என்று தெரியாமல் விற்றதைப் பேரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய்க்காலைக் கட்டியவர் நகரத்தின் நீர்த்துறைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட். 1907-இல் நகர மக்கள் 2.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். 1908-இல் வேலை தொடங்கி, 1913 நவம்பர் 5 அன்று தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நீளம் 233 மைல். வழியில் ஒரு பம்புகூடக் கிடையாது. இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும்: இன்டிபென்டன்ஸுக்கு வடக்கே சுமார் 3,800 அடி உயரத்தில் ஆற்றை மறித்துத் திருப்புகிறார்கள், அங்கிருந்து கடைசிவரை ஏற்ற இறக்கங்களைத் தாண்டி வெறும் சரிவின் பலத்தில் ஓடவேண்டும். முதல் இருபதுக்கும் மேற்பட்ட மைல்களுக்கு வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசவில்லை. காசை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. அந்தப் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருந்தது. மண்வாய்க்காலாக விட்டால் ஊற்று நீரும் உள்ளே கசிந்து சேரும். தெற்கே போகப்போக மண் உறிஞ்சிவிடும் என்பதால் அங்கிருந்து கான்கிரீட். பிறகு ஹேவி நீர்த்தேக்கம். அதற்கும் தெற்கே, கவுண்டி எல்லையைத் தாண்டி, பள்ளங்களைக் கடக்க இரும்புக் குழாய்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் அமைப்பு. ஜாபோன் என்ற இடத்தில் 850 அடி உயரத் தண்ணீரின் அழுத்தம் குழாயில் நிற்கும். அந்தக் குழாய்த் துண்டுகளை இழுக்கப் புதுசாக வந்த பெட்ரோல் சங்கிலிச்சக்கர வண்டிகளை வாங்கினார்கள். பாலைவன மணல் பற்சக்கரங்களைத் தின்றது. கடைசியில் 52 கோவேறு கழுதைகள் வரை ஒன்றாகப் பூட்டி இழுத்தார்கள். பிஷப் ஊரில் ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கோவேறு கழுதைகளுக்கு விழா எடுப்பது வேடிக்கைக்காக மட்டும் இல்லை.

1920-களில் வறட்சி. நகரம் இன்னும் நிலம் வாங்கியது. வாங்கிய முறைதான் ஊரை உடைத்தது. ஒரு வாய்க்காலை நம்பி பத்துப் பண்ணைகள் இருந்தால், தலைமடையில் இருப்பவரிடமும் நடுவில் இருப்பவரிடமும் வாங்கினால் போதும். மீதிப் பேர் வாய்க்காலைத் தூர்வாரும் செலவைச் சுமக்க முடியாமல் தாங்களே வந்து விற்பார்கள். விற்றவனும் விற்காதவனும் ஒரே தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த காலம். 1924 மே மாதம் நகரத்தின் வாய்க்காலுக்கு முதல் வெடி வைத்தார்கள். நவம்பர் 16 அன்று, உள்ளூர் வங்கி நடத்திய வாட்டர்சன் சகோதரர்களில் ஒருவரான மார்க் வாட்டர்சன் முன்னால் நடக்க, அறுபது எழுபது பேர் லோன் பைனுக்கு வடக்கே உள்ள அலபாமா மதகைப் பிடித்தார்கள். பெருமழை வந்தால் வாய்க்கால் நிரம்பி உடையாமல் இருக்க உபரியை ஆற்றுப்படுகைக்கு வெளியேற்றும் கலிங்கு அது. கதவுகளைத் தூக்கிவிட்டார்கள், நகரத்துக்குப் போகவேண்டிய ஆறு முழுக்கப் பழைய படுகையில் பாய்ந்தது. நான்கு நாள். குடும்பம் குடும்பமாக வந்து மாட்டிறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார்.

போராட்டம் துப்பாக்கியால் முடியவில்லை, வங்கிக் கணக்கால் முடிந்தது. 1927 ஆகஸ்டில் வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி மூடப்பட்டது. பணத்தைக் கையாடியதாக இருவருக்கும் சிறை. பள்ளத்தாக்கின் சேமிப்பு முழுவதும் அதோடு போயிற்று. அதன் பிறகு நகரம் வாங்காததற்குக் காரணமே இல்லை.

வாங்கிய நிலத்தின் பின்கதைகள் நிறைய. ஆப்பிள் தோப்புகளுக்குப் பெயர் பெற்ற மான்சனார் என்ற ஊர் 1910-இல் உருவாகி 1929 வாக்கில் காலியானது. ஆளில்லாத, ஆனால் தண்ணீர் வசதியுள்ள அந்த இடத்தைத்தான் 1942-இல் ராணுவம் நகரத்திடம் குத்தகைக்கு எடுத்து ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்தது. ஒரு கட்டத்தில் 10,000 பேருக்கு மேல். 20-க்கு 100 அடி தார்க் காகிதக் கொட்டகைகள் 504. பலகை இடுக்கு வழியாக மணல் படுக்கையில் வந்து விழும். தண்ணீர் விடாமல் பாழான பழைய பழமரங்களை அடைபட்டவர்கள் வெட்டித் திருத்திக் காய்க்க வைத்தார்கள். சில மரங்கள் இன்றும் நிற்கின்றன. முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. 1992 முதல் தேசிய வரலாற்றுத் தலம்.

பையூட் மக்களின் இன்றைய குடியிருப்புகளும் நகரத்தோடு நடந்த மாற்றத்தில் வந்தவை. 1937-இல் சட்டம், 1939-இல் மாற்றம்: ஏறத்தாழ 2,900 ஏக்கரை நகரத்துக்குக் கொடுத்து, ஏறத்தாழ 1,400 ஏக்கரை மத்திய அரசு அவர்களுக்காகப் பெற்றது. பிஷப், பிக் பைன், லோன் பைன் குடியிருப்புகள் இப்படி அமைந்தன. பிஷப்பில் மட்டும் 875 ஏக்கர். நிலம் கைமாறியது, நீருரிமை கைமாறவில்லை. நகர வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்காமல் நீருரிமையை விற்கக்கூடாது என்பது நகரத்தின் சாசன விதி. தண்ணீர் வருகிறது, ஆனால் யாருடைய உரிமையாக வருகிறது என்ற கணக்கு அன்றிலிருந்து தீராமல் கிடக்கிறது.

ஓவன்ஸ் ஏரிக்கு வருவோம். சுமார் 110 சதுர மைல் பரப்பு. ஆற்றைத் திருப்பியதும் 1920-களின் நடுவில் வற்றிவிட்டது. வற்றிய ஏரி எல்லாம் இப்படிப் பறப்பதில்லை. இது ஏன் பறக்கிறது? அடியில் இருப்பது உப்புநீர். களிமண் வழியாக அது மெல்ல மேலேறி ஆவியாகி, உப்பைத் தரையில் விட்டுப்போகும், நம் உவர்நிலத்தில் பூப்பது போல. கோடையில் அது கெட்டியான ஓடாக இருக்கும், காற்றுக்கு அசையாது. குளிர்காலத்தில்தான் வினை. சலவைச் சோடா வகை உப்பும் சோடியம் சல்ஃபேட்டும் குளிரில் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகமாகும். பெரிதாகி மண்ணைத் தளர்த்தும். காய்ந்ததும் அந்தத் தண்ணீர் வெளியேறி, மாவு போலப் பொசபொசவென்று நிற்கும். பிறகு சியராவில் இருந்து காற்று இறங்கும்; உருளும் மணல் துகள்கள் அந்த மாவைத் தட்டித் தட்டி எழுப்பும். 10 மைக்ரானுக்கும் சிறிய, நுரையீரலுக்குள் போகும் தூசிக்கு ஒரு நாளைய வரம்பு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். ஏரிக்கரை ஊரான கீலரில் அந்த வரம்பைப் போல 20 மடங்குக்கும் மேல் பதிவான நாட்கள் உண்டு. நாட்டிலேயே ஒரே இடத்தில் இருந்து கிளம்பும் தூசியில் இதுதான் முதலிடம் என்று பல காலம் இருந்தது.

வட்டாரக் காற்று மாசு வாரியம் விடாமல் பிடித்ததால், 2000-களின் தொடக்கம் முதல் நகரம் ஏரியில் வேலை செய்கிறது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முறை மூன்று. ஒன்று, மெல்லிய நீர்ப்பரப்பு: ஒதுக்கிய பரப்பில் முக்கால் பங்கு ஈரமாக இருக்கவேண்டும், அக்டோபர் நடுவில் இருந்து ஜூன் முடிய. நன்றாக வேலை செய்யும். ஆனால் குடிதண்ணீரைக் கொண்டுபோய் உப்புத் தரையில் ஊற்றுகிறோமே என்று நகரத்துக்கு வயிறு எரியும். இரண்டு, உப்புப்புல் வளர்ப்பது. சொட்டுநீர் போட்டால் மட்டும் போதாது. வேர்ப்பகுதி உப்பைக் கழுவி அடியில் வடிகுழாய் வழியாக வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது பருவத்தில் புல் கருகும். மூன்று, சரளைக்கல் 4 அங்குலத்துக்குப் பரப்புவது. கல்லிடுக்கு அகலம் அதிகம் என்பதால் உப்புநீர் அதன் வழி மேலேற முடியாது. நிலம் மெத்தென்று இருக்கும் இடத்தில் கல் சேற்றில் புதைந்துவிடும், ஆகவே அடியில் துணி விரிக்க வேண்டும். தண்ணீரே வேண்டாத முறை இது; பார்க்கத்தான் சகிக்காது. நீராவிக் கப்பல் ஓடிய ஏரியில் இன்று சரளை லாரி ஓடுகிறது. நீர் நிற்கும் பகுதிகளில் மட்டும் உப்புநீர் ஈக்கள் பெருகி, அவற்றைத் தின்ன உப்புக்கொத்திகளும் கரையோரப் பறவைகளும் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. தூசிக்குச் செய்த வைத்தியம் பறவைக்குப் பலித்தது. இப்போது தண்ணீரைக் குறைக்க நகரம் நினைத்தாலும் பறவைகளை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

1970-இல் இரண்டாவது வாய்க்கால் வந்தது, அதை நிரப்ப ஆழ்குழாய்க் கிணறுகள். ஊற்றுகள் வற்றின, புல்வெளி காய்ந்தது. 1972-இல் கவுண்டி வழக்குப் போட்டு, 1991-இல்தான் நீண்டகால உடன்பாடு. அதன் தொடர்ச்சியாக 2006 டிசம்பரில், 93 வருடம் காய்ந்து கிடந்த ஆற்றின் கீழ்ப்பகுதி 62 மைலுக்கு வினாடிக்கு 40 கன அடி தண்ணீர் விடப்பட்டது. சின்ன ஓட்டம்தான். கோரையும் நாணலும் அடைத்துக்கொண்டு படகு போக முடியாத இடங்கள் நிறைய. படுகையைக் கழுவிப்போகும் வெள்ளம் இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் விட்டால் அப்படித்தான் ஆகும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். நகரம் நிலத்தைப் பூட்டி வைத்ததால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுமனைகளும் வணிக வளாகங்களும் மலையடிவாரம் வரை ஏறவில்லை. பயணி அதை ரசிப்பார். வீடு தேடும் பள்ளி ஆசிரியருக்கு அதே விஷயம் வேறு மாதிரி. பிஷப் மட்டுமே நகராட்சி, மக்கள் 3,819. சுற்றி எந்தப் பக்கம் மனை போட்டாலும் நகரத் துறையின் வேலி. மாட்டுப்பண்ணைக்காரர்களும் பெரும்பாலும் அதன் குத்தகைதாரர்களே. வரி விஷயத்தில் மட்டும் கவுண்டி கொஞ்சம் தப்பித்தது: எல்லைக்கு வெளியே நகரம் வாங்கிய நிலத்துக்கு வரி கட்டவேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது, இன்யோ, பக்கத்துக் கவுண்டியான மோனோ என்று பெயர் சொல்லி.

போக நினைப்பவர்களுக்கு. மரணப் பள்ளத்தாக்கைக் கோடையில் காருக்குள் இருந்து மட்டும் பாருங்கள். ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடும் வெப்பத்தில் காற்று இலேசாகிவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போகும். நீண்ட ஏற்றங்களில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகையைப் பார்த்தால் அணைத்துவிடுங்கள். எஞ்சின் சூடேறி நின்ற இடத்தில் செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. செயலி காட்டும் குறுக்குவழி மண்பாதைகளை நம்பவேண்டாம்.

விட்னி ஏற மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் ஒருநாள் அனுமதி, தங்கிப் போக 60 பேருக்கு. பிப்ரவரியில் குலுக்கலுக்கு எழுதிப்போட வேண்டும். 8,360 அடியில் தொடங்கிப் போய்வர 22 மைல். உங்கள் மலத்தைப் பையில் கட்டி நீங்களே கீழே கொண்டுவர வேண்டும், மேலே கழிப்பறை கிடையாது. ஒயிட் மலையில் ஷுல்மன் தோப்பில் 4,800 வருடத்தைத் தாண்டிய பிரிசில்கோன் பைன் மரம் ஒன்று உண்டு. எது அந்த மரம் என்று யாரும் அடையாளம் காட்டமாட்டார்கள். 10,000 அடி என்பதால் பனி வழிவிடும் வரை சாலை மூடியிருக்கும்.

அலபாமா மதகு 395-இல் இருந்தே தெரியும், லோன் பைனைத் தாண்டி வடக்கே போகும்போது இடது பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். 1976-இல் மறுபடியும் அங்கே வெடி வைத்தார்கள், இந்த முறை உள்ளூர் இளைஞர்கள். 2023 மார்ச்சில் ஒலாஞ்சாவுக்குப் பக்கத்தில் வாய்க்காலின் கரையே 120 அடிக்கு அரித்துப்போனது. அதைச் செய்தது வெள்ளம்.